இப்போது என்ன பாட்டு ஓடுகிறது: யாரிடம், எந்த வழியில் சொல்வது?

வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை யாரிடமாவது சொல்லத் தோன்றுகிறது. ஸ்டேட்டஸ் வைக்கலாம். நண்பர்கள் குழுவில் ஒரு வரி தட்டிவிடலாம். கேட்பதையெல்லாம் தானே குறித்துக்கொள்ளும் லாஸ்ட்.எஃப்எம் மாதிரியான தளத்தில் கணக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் சேர்ந்து நிரப்பும் ப்ளேலிஸ்ட் ஒன்றைத் தொடங்கலாம். எதிர்முனையில் இருப்பவரும் அதே நொடியில் அதே பாட்டைக் கேட்கும்படி செய்யலாம். வழிகளுக்குப் பஞ்சமில்லை. எது தோது என்று பார்க்கும்போது பலரும் வசதிகளைத்தான் அடுக்கி ஒப்பிடுகிறார்கள். நான் வேறொரு இடத்திலிருந்து தொடங்குவேன்: பாட்டைச் சொல்வது நீங்களா, உங்கள் சார்பில் ஒரு மென்பொருளா? இந்த ஒரு பிரிப்பு முடிந்துவிட்டால் மற்றவை சுலபம்.

மென்பொருள் எல்லாவற்றையும் விடாமல் சொல்லிவிடும். வேலைக்கு நடுவே காதில் விழுந்தது, மனம் ஒன்றிக் கேட்டது, ஓடவிட்டுத் தூங்கிப்போனது எல்லாம் அதற்கு ஒரே கணக்கு. நீங்களே சொல்லும்போது அப்படியில்லை. இருபது பாட்டு கேட்டிருப்பீர்கள், ஒன்றைத்தான் சொல்வீர்கள். அந்த ஒன்றைப் பொறுக்கியதே ஒரு செய்திதான். ஆனால் அதற்கு மெனக்கெட வேண்டும். அந்த உற்சாகம் எத்தனை நாள் தாங்கும் என்பது ஆளைப் பொறுத்தது.

தானாகக் குறித்துக்கொள்ளட்டும் என்றால்

இந்த வகையில் மூத்தது லாஸ்ட்.எஃப்எம். அதன் உயிர்நாடியான ஆடியோஸ்க்ரோப்ளர், 2002-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற மாணவர் தன் படிப்புக்காகச் செய்த புராஜெக்ட். முதலில் லாஸ்ட்.எஃப்எம்மும் அதுவும் தனித்தனி, இரண்டும் 2005-இல் ஒன்றாயின. 2007-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் நிறுவனம் 28 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. கணினியிலோ போனிலோ நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பாட்டின் பெயரும் நேரத்தோடு உங்கள் பக்கத்தில் போய் விழும். இதற்கு ஸ்க்ரோப்ளிங் என்று பெயர். இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருப்பது எது என்பது பட்டியலின் உச்சியில் தனியாகத் தெரியும்.

எப்போது ஒரு பாட்டு 'கேட்ட' கணக்கில் சேரும் என்பதற்கு அங்கே விதி உண்டு. பாட்டு 30 நொடிக்கு மேல் நீளமாக இருக்கவேண்டும். அதில் பாதி ஓடியிருக்கவேண்டும், அல்லது 4 நிமிடம் ஓடியிருக்கவேண்டும், எது முந்துகிறதோ அது. சினிமாப் பாட்டுக்கு நியாயமான விதிதான். கச்சேரிக்கு? கச்சேரியில் ஒரு ராகத்தை விரிவாகப் பாடும் ராகம் தானம் பல்லவி 50 நிமிடம் ஓடும் என்று வையுங்கள். தொடக்கத்தில் சொற்களில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை சூடுபிடிக்கும் முன்பே அது நாலாவது நிமிடத்தில் கணக்கில் ஏறிவிடும். அதற்குப் பிறகு கடைசிவரை உட்கார்ந்து கேட்டாலும் ஒன்றுதான், அணைத்துவிட்டுப் போனாலும் ஒன்றுதான். அதே 50 நிமிடத்தில் இன்னொருவர் பத்துப் பன்னிரண்டு சினிமாப் பாட்டு கேட்டிருப்பார். வாரக் கடைசிப் பட்டியலைப் பார்த்தால் அவர் பெரிய ரசிகர். தினம் இரவு ஒரு பல்லவியை முழுசாகக் கேட்டவரோ ஏதோ போனால் போகிறதென்று பாட்டு போடுகிறவர். ஸ்பாட்டிஃபையின் கணக்கு இன்னும் அவசரக்காரக் கணக்கு: 30 நொடி ஓடினாலே ஒரு முறை கேட்டதாக எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது பெயர்க் குழப்பம். இந்தத் தளங்கள் 'கலைஞர்' என்று ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு உலகத்து இசையையெல்லாம் அதற்குள் அடைக்கப் பார்க்கின்றன. நம் சினிமாப் பாட்டில் அந்தக் கட்டத்துக்குள் யார் வருவது? இசையமைத்தவரா, பாடியவரா? ஒரு சேவையில் இளையராஜா என்றிருக்கும். இன்னொன்றில் அதே பாட்டு எஸ். ஜானகி பெயரில் இருக்கும். மூன்றாவதில் பாடியவர்கள், இசையமைத்தவர், எழுதியவர் என்று எல்லோரையும் கமா போட்டு வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அந்த வரிசை முழுவதையும் சேர்த்து ஒரே ஆள் என்று தளம் நினைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு ஆளுக்கொரு விதம். யூடியூபில் கேட்கிறவர்களுக்கு வெப் ஸ்க்ரோப்ளர் என்ற பிரவுசர் நீட்சி இருக்கிறது. வீடியோத் தலைப்பில் சிறு கோடு இருந்தால், கோட்டுக்கு முன்னால் இருப்பது பாடகர், பின்னால் இருப்பது பாட்டு என்று பிரிப்பது அதன் வழக்கம். நம் வீடியோக்களில் கோட்டுக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் படத்தின் பெயர். ஆக, வருடக் கடைசியில் உங்கள் மனம் கவர்ந்த பாடகர் யாரென்று பார்த்தால் ஏதோ ஒரு படம் நின்றுகொண்டிருக்கும். கையால் திருத்திக்கொள்ள வழியுண்டு, பொறுமையிருந்தால்.

லாஸ்ட்.எஃப்எம்முக்கு மாற்று லிஸன்பிரெய்ன்ஸ். மெட்டாபிரெய்ன்ஸ் என்ற லாப நோக்கற்ற அறக்கட்டளை நடத்துவது. நிரலும் திறந்த மூலம், சேரும் தரவும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தது. கொள்கையளவில் எனக்கு இதுதான் பிடித்தம்: நாம் கேட்டது ஒரு கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்காது. ஆனால் திறந்தது என்றால் நிஜமாகவே திறந்ததுதான். நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்பதைக் கேட்ட நேரங்களை வைத்தே ஒருவர் ஊகித்துவிட முடியும். லாஸ்ட்.எஃப்எம்மில் அண்மையில் கேட்டவற்றைப் பிறர் கண்ணில் படாமல் மறைக்க அமைப்புப் பக்கத்தில் ஒரு குறி போதும். ஒளித்து வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு லிஸன்பிரெய்ன்ஸ் சரிப்படாது.

வீட்டில் கேட்பது என்று வரும்போது இந்த வகைக்கு இன்னொரு குறையும் சேர்கிறது. கணினியிலும் போனிலும் ஓடுவதுதான் மென்பொருளுக்குத் தெரியும். ஹாலில் ரேடியோ பாடுகிறது, இசைத்தட்டு சுழல்கிறது, பழைய கேசட் ஓடுகிறது என்றால் அது பதிவில் வராது. சுற்று வழி உண்டு. 2017-இல் பிக்ஸல் 2 போனோடு வந்த 'நவ் ப்ளேயிங்' அறையில் கேட்கும் பாட்டைப் போனுக்குள்ளேயே அடையாளம் கண்டு திரையில் பெயர் காட்டும். ஆண்ட்ராய்டில் இயங்கும் பானோ ஸ்க்ரோப்ளர் அதைப் படித்து உங்கள் கணக்கில் சேர்த்துவிடும். ஷஸாமும் இதே வேலையைச் செய்வதுதான். 2002-இல் பிரிட்டனில் 2580 என்ற எண்ணை அழைத்துப் போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினால் பாட்டின் பெயர் எஸ்எம்எஸ்ஸில் வரும் சேவையாக அது தொடங்கியது. ஆனால் இவை கண்டுபிடிப்பது பாட்டை அல்ல, பதிவை. கிடங்கில் இருக்கும் அதே ஒலிப்பதிவு ஓடினால் பெயர் வரும். யாரோ சபையில் உட்கார்ந்து டேப்பில் பிடித்த கச்சேரி ஓடினால், கீர்த்தனை உலகறிந்ததாக இருந்தாலும் அது கையை விரிக்கும். சில சமயம் சம்பந்தமே இல்லாத ஒன்றின் பெயரைத் துணிச்சலாகச் சொல்லும்.

பிறகு, வீட்டில் நாம் மட்டுமா இருக்கிறோம்? ஸ்பீக்கர் பொது, கணக்கு ஒருவருடையது. குழந்தை தூங்குவதற்காக ஒரே தாலாட்டு மணிக்கணக்கில் ஓடினால் அது உங்கள் பெயரில்தான் ஊருக்குத் தெரியும். அப்பா காலையில் கேட்கும் சுப்ரபாதமும், தம்பி உடற்பயிற்சிக்குப் போடும் அடிதடிப் பாட்டும் சேர்ந்து 'உங்கள் ரசனை' என்று ஒரு விசித்திரப் பிராணி உருவாகும். குடும்பத் திட்டம் எடுத்தவர்களுக்கு ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மூன்றிலுமே ஆறு பேர் வரை தனித்தனிக் கணக்கு உண்டு. பெரும்பாலான வீடுகளில் அது இருந்தும் எல்லோரும் ஒருவர் கணக்கிலேயே ஓட்டுவார்கள், ஏனென்றால் ஸ்பீக்கரில் அதுதான் பதிந்திருக்கிறது. தானாகப் பகிரும் வழியை எடுப்பதற்கு முன் முதலில் சீர்செய்யவேண்டியது இதைத்தான். நீங்கள் பகிர ஒத்துக்கொண்டீர்கள், அப்பா ஒத்துக்கொண்டாரா என்பதும் ஒரு கேள்வி.

இவ்வளவு குறை சொன்னாலும் ஸ்க்ரோப்ளிங்கை நான் தள்ளிவிடச் சொல்லவில்லை. போன வருடம் மழைக்காலத்தில் எதை விழுந்து விழுந்து கேட்டோம் என்று தேடிப் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. அது உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதற்கு. பிறருக்குச் சொல்ல அதை நம்பினால் ஏமாற்றம்தான், ஏனென்றால் அடுத்தவர் பக்கத்தைப் போய்ப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பார்த்தாலும் நாற்பது பெயர்களில் எதைக் கேட்பது என்று தெரியாது.

ஆப்புக்குள்ளேயே நண்பர்களுக்குக் காட்டுவது

ஸ்பாட்டிஃபையின் கணினித் திரையில் நண்பர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஓரத்தில் ஒரு பட்டை வரும். அமைத்துவிட்டால் வேறு வேலை இல்லை. இதற்கொரு கதை உண்டு. 2011 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபையும் ஃபேஸ்புக்கும் கைகோத்தபோது, கேட்கும் பாட்டெல்லாம் ஃபேஸ்புக்கில் தானாகக் கொட்ட ஆரம்பித்தது. ரகசியமாகக் கேட்கும் அசட்டுப் பாட்டு எல்லோருக்கும் உண்டல்லவா? கூச்சல் எழுந்த சில நாட்களிலேயே, தற்காலிகமாக மறைத்துக் கேட்கும் வசதியை நிறுவனம் கொண்டுவந்தது. இன்றும் அது 'பிரைவேட் செஷன்' என்ற பெயரில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும், ஆகவே அதை நம்பி ராத்திரி முழுவதும் ஓட்டவேண்டாம்.

உங்கள் வட்டம் முழுவதும் ஒரே சேவையில் இருந்தால் இது போதும். அப்படி ஒரு வட்டத்தை நான் பார்த்ததில்லை.

ஸ்டேட்டஸ்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியும் 24 மணி நேரத்தில் மறைந்துபோகும். இன்ஸ்டாகிராமில் 'நோட்ஸ்' என்ற துண்டுச்சீட்டும் அப்படியே, 60 எழுத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். மறைந்துபோவதே இதன் பெரிய பலம். இப்போது ஓடும் பாட்டு நாளைக்கு எதற்கு? யாரையும் பதில் சொல்லச் சொல்லி நிர்ப்பந்திப்பதில்லை, பிடித்தவர் தனியாக வந்து பேசுவார். பத்து வருடமாகத் தொடர்பில் இல்லாத பள்ளித் தோழன் ஒரு பழைய பாட்டைப் பார்த்துவிட்டு 'டேய், இதை இன்னும் கேக்குறியா?' என்று வருவது இந்த வழியில்தான் நடக்கும். மற்ற எந்த வழியிலும் அவன் உங்கள் பட்டியலிலேயே இருக்கமாட்டான்.

பலவீனம், யார் பார்க்கிறார்கள் என்பது. போனில் எண் இருக்கும் எல்லோரும் என்றால் அலுவலக மேலாளர், வீட்டுக்காரர், சம்பந்தி வீட்டார் எல்லோரும்தான். இதோடு ஸ்டேட்டஸில் வரும் பாட்டுக்கு அர்த்தம் கற்பிக்கும் பழக்கம் வேறு. சோகப் பாட்டு ஒன்றை அதன் வயலின் இடையிசைக்காகவே வைத்திருப்பீர்கள். அரை மணியில் அத்தை போன் செய்வார். 'ஏம்மா, வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கீங்க?' 'நல்லாத்தான் இருக்கோம் அத்தை, ஏன்?' 'இல்ல, ஸ்டேட்டஸ் பார்த்தேன்...' காதல் பாட்டு வைத்தாலோ கேள்வியே வேறு. வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸைக் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் காட்டவும், குறிப்பிட்ட சிலரைத் தவிர்க்கவும் அமைப்பு இருக்கிறது. பாட்டு வைக்கிறவர்கள் முதல் வேலையாகச் செய்துவைக்கவேண்டியது அது. வரிகளைப் பிடித்துக்கொண்டு கேள்வி வருவது தொல்லையாக இருந்தால் வாத்திய இசையை மட்டும் ஸ்டேட்டஸில் வைக்கலாம். நாதஸ்வரத்துக்கு யாரும் உள்ளர்த்தம் தேடுவதில்லை.

நீளமும் ஒரு சிக்கல். வாட்ஸ்அப்பில் படத்தோடு பாட்டைச் சேர்த்தால் 15 நொடிதான் ஓடும். பல சினிமாப் பாட்டுகளில் முன்னிசையே அதைவிட நீளம். எந்த இடத்தை வெட்டுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதால் இடையிசையில் ஒரு நல்ல திருப்பத்தைப் பிடித்துப் போடலாம். ராக ஆலாபனைக்கு அந்த 15 நொடி எதற்கும் காணாது. பாடகர் ஒரு பிடியை, அதாவது ஒரு சிறு ஸ்வரக் கோவையை, ஆரம்பித்து முடிப்பதற்குள் வெட்டிவிடும்.

குழுவில் ஒரு வரி

நாலைந்து பேர் முதல் இருபது முப்பது பேர் வரை, பாட்டுக்கென்றே ஒரு குழு. 'இப்போது ஓடுவது' என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் தங்கள் வீட்டில் ஓடுவதைச் சொல்ல, அப்படியே போகும். எனக்கு இருப்பதிலேயே பலன் தருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் விஷயம், குழு தனியாக இருக்கவேண்டும். குடும்பக் குழுவிலோ பழைய மாணவர் குழுவிலோ போட்டால் காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே பாட்டு புதைந்துபோகும். தலைப்பு வாரியாகப் பிரித்துப் பேசும் வசதி டெலிகிராமில் உண்டு. பெரிய குழுவுக்கு அது நல்லது.

இரண்டாவது, என்ன எழுதுவது. லிங்கை மட்டும் ஒட்டிவிட்டு 'செம' என்று போடுகிறவர்கள்தான் அதிகம். லிங்க் மட்டும் வந்தால் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. ஒருவர் ஸ்பாட்டிஃபை, இன்னொருவர் யூடியூப், மூன்றாமவர் ஆப்பிள். திறந்தால் 'ஆப்பை நிறுவுக' என்று வந்து நிற்கும். ஒடெஸ்லி என்ற சேவையில் ஒரு லிங்கைக் கொடுத்தால் எல்லாச் சேவைகளுக்கும் பொதுவான ஒரு பக்கம் கிடைக்கும், அதைப் போடலாம். ஆனால் எந்த லிங்கும் நிரந்தரமில்லை. உரிமம் கைமாறினாலோ பேரம் முறிந்தாலோ பாட்டு போய்விடும். 2024 ஜனவரி கடைசியில் யுனிவர்சல் மியூசிக்குக்கும் டிக்டாக்குக்கும் ஒப்பந்தம் முறிந்தபோது, மே மாதம் சமரசம் ஆகும் வரை அந்தப் பாட்டுகள் சேர்ந்த வீடியோக்கள் ஊமையாகக் கிடந்தன. பெயர், பாடியவர், படம் அல்லது ராகம், வருடம் என்று எழுத்தில் இருந்தால் லிங்க் செத்தாலும் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியம், எந்த இடத்தைக் கேட்கவேண்டும் என்று சொல்வது. இரண்டு குறிப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

'கல்யாணி ஆலாபனை. அருமை. கட்டாயம் கேளுங்கள்.'

'கல்யாணி ஆலாபனை, பழைய கச்சேரிப் பதிவு, இரைச்சல் கொஞ்சம் உண்டு. 11-ஆவது நிமிடத்திலிருந்து கேளுங்கள். பாடகர் மேல் ஷட்ஜத்தைத் தொடாமலே அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார், வயலின்காரர் பொறுக்கமாட்டாமல் தொட்டுவிடுகிறார்.'

இரண்டாவதைப் படித்தவர் அந்த வயலினுக்காகவாவது திறப்பார். சங்கீதம் தெரியாதவரும் திறப்பார், ஏனென்றால் அதில் ஒரு சம்பவம் இருக்கிறது. சினிமாப் பாட்டுக்கும் இதே முறை செல்லும்: இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வரும் புல்லாங்குழல், பாடகி ஒரு சொல்லில் மூச்சை நிறுத்தும் விதம், ஹெட்போனில் மட்டும் கேட்கும் பின்னணி கிடார். ஒரே ஒரு இடம் போதும். ஐந்து இடம் சொன்னால் விமர்சனக் கட்டுரையாகிவிடும், குழுவில் யாரும் படிக்கமாட்டார்கள்.

இசைத்தட்டோ கேசட்டோ சிடியோ வைத்துக் கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை. உறையைப் படமெடுத்துப் போடுவது பரவலான பழக்கம், அழகாகவும் இருக்கும். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. பாடல், ராகம், தாளம், இயற்றியவர், வயலின் யார், மிருதங்கம் யார் என்று அச்சிட்டிருப்பார்கள். அதே தட்டு இணையச் சேவைகளில் ஏறும்போது பக்கவாத்தியக்காரர்கள் பெயர் பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும். மேலே சொன்ன அந்த வயலின்காரர் யாரென்று ஒருவர் கேட்டால் ஆப்பில் பதில் கிடைக்காது, உறையில் கிடைக்கும். தட்டின் பட்டியல் எண் தெரியும்படி எடுத்தால், 2000-இல் தொடங்கிய டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தப் பதிப்பையே தேடிப் பிடிக்கலாம். எல்பி தட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும். ஒரு பக்கத்துக்கு ஒரு குறிப்பு என்று வைத்துக்கொண்டால் அளவும் தானாக வந்துவிடும்.

இந்த வழியைக் கெடுப்பது அளவுதான். ஒருவர் ஒரே மாலையில் பத்துப் பாட்டு போட்டால் மற்றவர்கள் மெல்ல ஒதுங்கிவிடுவார்கள். வாயால் சொல்லமாட்டார்கள், குழுவை மியூட் செய்துவிடுவார்கள். நாளுக்கு ஆளுக்கு ஒன்று என்ற எழுதப்படாத விதி நல்லது. இதய ஸ்மைலியைக் கேட்டதற்கான அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அது 'பார்த்தேன்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நிஜமாகக் கேட்டவர் அந்தப் பதினோராவது நிமிடத்தைப் பற்றி ஏதாவது சொல்வார்.

சேர்ந்து நிரப்பும் ப்ளேலிஸ்ட்

ஸ்பாட்டிஃபையில் இது வெகுகாலமாக உண்டு. ஆப்பிள் மியூசிக்கில் 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3-உடன் வந்தது. ஊருக்கு ஊர் சிதறிய உடன்பிறப்புகளுக்கும் நீண்ட கார்ப் பயணத்துக்கும் நல்லது. 'இப்போது என்ன ஓடுகிறது' என்பதற்கு இது பதிலே இல்லை. யார் சேர்த்தார் என்று தெரியும், ஏன் சேர்த்தார் என்று தெரியாது. முதல் வாரம் முப்பது பாட்டு சேரும், அப்புறம் அப்படியே கிடக்கும். இரண்டு பேர் ரசனையைக் கலந்து மென்பொருளே பட்டியல் போட்டுத்தரும் 'பிளெண்ட்' ஸ்பாட்டிஃபையில் இருக்கிறது. ஒருமுறை பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

அதே நொடியில் சேர்ந்து கேட்பது

சொல்வதை விட்டுவிட்டுக் கேட்கவே வைத்துவிடுவது. 2023 செப்டம்பரில் வந்த ஸ்பாட்டிஃபை ஜாமில் 32 பேர் வரை சேரலாம். தொடங்குகிறவர் பிரீமியம் கட்டியிருக்கவேண்டும். ஒரே அறையில் இருப்பவர் இலவசக் கணக்கிலும் சேரலாம், தூரத்திலிருந்து சேர்பவருக்கும் பிரீமியம் வேண்டும். ஆப்பிளில் ஷேர்ப்ளே 2021-இலிருந்து இருக்கிறது. ஃபேஸ்டைமில் பேசிக்கொண்டே கேட்கலாம், ஆனால் இரு முனையிலும் ஆப்பிள் மியூசிக் சந்தா இருக்கவேண்டும். இரண்டிலும் பாட்டு அவரவர் போனில் நேராக ஓடுகிறது, ஆகவே ஒலித் தரம் குறைவதில்லை.

சந்தா இல்லாதவர்கள் செய்வது, வீடியோ காலில் போனை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி வைப்பது. இதில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அழைப்பு ஆப்கள் மனிதப் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டவை. மாறாமல் தொடர்ந்து வரும் ஒலியை மின்விசிறிச் சத்தம் மாதிரிப் பின்னணி இரைச்சலென்று எடுத்துக்கொண்டு அடக்கும். ஒரு கச்சேரியில் மாறாமல் தொடர்ந்து வருவது எது? சுருதிக்காக மீட்டிக்கொண்டே இருக்கும் தம்புரா. முதலில் போவது அதுதான். அடுத்து வீணையின் மீட்டு தேய்ந்து அடங்கும் நீட்சி. எதிர்முனையில் இருப்பவர் சுருதியில்லாமல் விட்டுவிட்டு வரும் பாட்டைக் கேட்டுவிட்டு 'நல்லாருக்கு, நல்லாருக்கு' என்பார், பாவம். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற தேர்வை இயக்கினால் இந்த வடிகட்டல் நின்றுவிடும். கணினியில் ஓடும் பாட்டாக இருந்தால் திரையைப் பகிரும்போது ஒலியையும் சேர்த்துப் பகிரும் தேர்வைப் போட்டுவிட்டால் மைக்கே வேண்டாம்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்கவேண்டும் என்பதுதான் இதன் விலை. வேறு வேறு நேர மண்டலங்களில் இருந்தால் மாதம் ஒரு தடவை அமைந்தாலே அதிகம். அமைந்துவிட்டால் இதற்கு ஈடில்லை. ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து கேட்கலாம், பேசாததற்கு யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

யாருக்கு எது

நீங்கள் கேட்பதன் கணக்கு உங்களுக்கே வேண்டுமென்றால் லாஸ்ட்.எஃப்எம். பிறர் பார்ப்பது பற்றிக் கவலையில்லை, தரவு திறந்திருக்கவேண்டும் என்றால் லிஸன்பிரெய்ன்ஸ். எதுவானாலும் வீட்டு ஸ்பீக்கரின் கணக்கை முதலில் பிரியுங்கள். பெரும்பாலும் கச்சேரி கேட்பவராக இருந்தால் பட்டியல் எண்களைப் பொருட்படுத்தாதீர்கள்.

பழைய தொடர்புகளைத் தட்டியெழுப்ப ஆசையென்றால் ஸ்டேட்டஸ், ஆளைப் பொறுக்கி. பாட்டு பற்றிப் பேச்சு வேண்டுமென்றால் சின்னக் குழு, நாளுக்கு ஒன்று, நிமிடத்தோடு. ஒரே ஒருவருக்குத்தான் சொல்லவேண்டும் என்றால் குழுவும் வேண்டாம். அரை நிமிடக் குரல் செய்தியில், பின்னால் பாட்டு ஓட, 'அக்கா, இது ஓடிட்டிருக்கு, அந்த ரெண்டாவது சரணம் வருது பாருங்க' என்று அனுப்பினால் போதும். ஒலித் தரம் மோசமாகத்தான் இருக்கும். அக்கா அதற்குப் பிறகு அந்தப் பாட்டைத் தானே தேடிப் போட்டுக்கொள்வார்.

நான் வைத்திருப்பது இரண்டை: மறைத்து வைத்த லாஸ்ட்.எஃப்எம் கணக்கு ஒன்று, ஏழெட்டுப் பேர் உள்ள குழு ஒன்று. முந்தையதில் போன வாரம் கேட்டதைத் தேடி எடுத்துப் பிந்தையதில் எழுதுவேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதவேண்டும் என்ற கட்டாயமெல்லாம் குழுவில் இல்லை.

இதுவரை எங்குமே பதியாமல் ஸ்பாட்டிஃபையில் கேட்டுவந்தவர்கள் தொடங்குவதற்கு முன் ஒன்று செய்யலாம். கணக்கின் தனியுரிமைப் பக்கத்தில், கணக்கு தொடங்கிய நாளிலிருந்து கேட்ட முழு வரலாற்றையும் கேட்டு விண்ணப்பிக்க முடியும். வந்துசேர 30 நாள் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். அதில் ஒவ்வொரு பாட்டும் எத்தனை நொடி ஓடியது என்பதுவரை இருக்கும், அந்த 50 நிமிடப் பல்லவி உட்பட.